மூடியோடு இருந்தால்தான் விலை

அந்த மூட்டை என்னுடையதுதான் அண்ணாச்சி. இடிக்கிறதென்றால் காலைத் தூக்கி அதன்மேலேயே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. எல்லாம் காலிக் கேன். அழுத்தி மட்டும் மிதித்துவிடாதீர்கள். நசுங்கின கேனை, இதையெல்லாம் விலைக்கு எடுக்கிற அந்தோணி அண்ணன் தொட மாட்டார்.

கண்டக்டர் என்னை முறைக்கிறாரே, அதற்கும் இந்த மூட்டைதான் காரணம். "பொம்பளைப் பிள்ளைக்குத்தாம்மா ஃப்ரீ, பிளாஸ்டிக்குக்கு இல்ல" என்று லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டார். போடட்டும். போன தடவையும் போட்டார்.

உங்கள் மடியில் இருக்கிறதும் ஆயில்தானே? பையை மூடாதீர்கள், கேனின் கழுத்து தெரிகிறதே. புதுசு. டீசல் வண்டிக்கா? மகன் வண்டிக்கா? சரி. கோவில்பட்டி வருவதற்குள் அதை நானே சோதித்துத் தருகிறேன். சோதிக்கத் தெரியாமல் நாங்கள் பட்டது போதும். போலி ஆயில் அண்ணாச்சி. ஊர் முழுக்க போலி ஆயில். உங்களுக்குத் தெரியாது, அதனால்தான் இப்படி நிம்மதியாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

என் பெயர் மாரீஸ்வரி. கழுகுமலை. அப்பா வெயிலுமுத்து, லோடு ஆட்டோ. தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு தினமும் இதே ரோட்டில்தான் வந்து போவார். இல்லை, வந்து போய்க்கொண்டிருந்தார். படிப்பா? பதினொன்றாவதில் நின்றுவிட்டேன். பெயில் இல்லை. பாஸும் இல்லை. பரீட்சைக்கே போகவில்லை. கேட்கிறவர்களுக்கு எல்லாம் உடம்பு சரியில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான், "உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, பிடிக்கல, அதான் போகல" என்று சொல்லி முடித்தேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. பொய்யும் வராது. பொய் சொல்கிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு வண்டி ஓட்டத்தான் பிடிக்கும். அப்பாவுக்கு இடுப்பு தேய்ந்துபோயிற்று. எனக்குப் பதினெட்டு முடிந்து லைசென்ஸ் எடுத்ததும் ஆட்டோ என் கைக்கு வரும் என்று வீட்டில் பேசியாயிற்று. என் சாமி படம் ஒட்டுவதற்கு முன்கண்ணாடியில் இடம்கூட விட்டு வைத்திருந்தார். இப்போது அந்த ஆட்டோ ஜெயபாண்டி மெக்கானிக் ஷெட்டில் எஞ்சினைக் கழற்றிப்போட்ட மேனிக்கு நிற்கிறது. கோழி அதற்குள் முட்டை போட்டிருக்கிறது. சித்திரைக்குள் எஞ்சின் ஏறவில்லையென்றால் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத் திருப்பூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போகிறேன் என்கிறார் அப்பா. அவர் சும்மா மிரட்டுகிறவர் இல்லை. அத்தை மகனிடம் யூனிஃபார்ம் அளவு கொடுத்தாயிற்று.

அதனால்தான் இந்த மூட்டை. எஞ்சின் வேலைக்கான சாமானை நான் சேர்க்கிறேன். பிஸ்டன் வந்துவிட்டது. இந்த மூட்டையை விற்றால் பேரிங் வந்துவிடும். நீங்கள் காலை எடுங்கள், பரவாயில்லை, நானே கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். எங்கள் ஊரில் ஆயில் எப்படி வாங்குவார்கள் தெரியுமா? பெண் பார்க்கிற மாதிரி. வண்டிக்கு எது பொருந்தும் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார்கள். என் மாமா நிறத்தைப் பார்ப்பார். பச்சையாக இருந்தால் குளிர்ச்சியாம், சிவப்பாக இருந்தால் சூடாம். எதிர்வீட்டு டிராக்டர்க்காரர் இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்து, மூக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். ஏதோ நெய் வாங்குகிறவர் மாதிரி. அப்பா கேனில் உள்ள படத்தைப் பார்ப்பார். குதிரை போட்டிருந்தால் வாங்குவார்.

ஜெயபாண்டி மெக்கானிக் கதை வேறு. அவர் மூடியைப் பார்ப்பார். மூடிக்கு அடியில் மெக்கானிக்குக்கு என்று கம்பெனிக்காரன் கூப்பன் வைத்திருப்பான். எந்தக் கம்பெனி என்ன பரிசு தருகிறதோ அதுதான் அந்த வருஷம் உங்கள் வண்டிக்கு ஏற்ற ஆயில். ஒரு வருஷம் ஹாட்பாக்ஸ் கொடுத்தான். மெக்கானிக் வீட்டில் படுக்க இடமில்லாமல் ஹாட்பாக்ஸ் அடுக்கியிருந்தது. அவர் வீட்டு அக்கா, "சுடச்சுட வைக்கிறதுக்குப் பாத்திரம் இருக்கு, உள்ள வைக்கிறதுக்குத்தான் ஒண்ணுமில்ல" என்று தெருவில் எல்லோருக்கும் சொன்னாள். அடுத்த வருஷம் தாய்லாந்து டூர். அந்த வருஷம் எங்கள் ஊரில் லாரி, டிராக்டர், மொபெட், தண்ணீர் இறைக்கிற மோட்டார், எல்லாமே ஒரே ஆயிலைக் குடித்தன. எதற்கு? ஜெயபாண்டி யானைமேல் உட்கார்ந்து போட்டோ எடுப்பதற்கு. அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி ஷெட்டில் மாட்டியிருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த யானைக்கும் அதே ஆயிலைத்தான் ஊற்றியிருப்பாரோ என்று தோன்றும்.

நான் ஒருத்திதான் வண்டியோடு வந்த புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டேஷ்போர்டில் சாமி பூவோடு கிடந்தது. பதினைந்து டபிள்யூ நாற்பது என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. முன்னால் உள்ள எண் வண்டி குளிர்ந்து கிடக்கும்போது எப்படி ஓடும் என்பதற்கு, பின்னால் உள்ளது சூடேறினபிறகு எப்படி நிற்கும் என்பதற்கு. டீசல் வண்டிக்கு டீசல் ஆயில், பெட்ரோல் வண்டிக்கு பெட்ரோல் ஆயில். இவ்வளவுதான். இதைச் சொன்னதற்கு ஜெயபாண்டி, "பிள்ளை எந்த காலேஜ்?" என்று கேட்டார். ஷெட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

"தண்ணியா இருந்தா ரசம், கட்டியா இருந்தா சாம்பார். எதுல பிள்ள வயிறு நெறையும்? நம்ம ஊரு வெயிலுக்குக் கட்டி ஆயில்தான் தாங்கும்" என்றார் அப்பா.

"எஞ்சின் என்ன சோறா திங்குது?" என்றேன்.

"வாயி" என்றார். பதில் தீர்ந்துபோனால் என் வாயைத்தான் சொல்வார்.

ஊற்றுவதையாவது அளவாக ஊற்றுவாரா? ஆயில் அளக்கிற குச்சியில் இரண்டு கோடு போட்டிருக்கிறான், இரண்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை ஆற விட்டு, குச்சியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்கவேண்டும். அப்பாவுக்குக் கோடு பிடிக்காது. "விருந்தாளி எலையில பாதிச் சோறு வச்சு எந்திரிக்கச் சொல்லுவமா?" என்று கேனைக் கவிழ்த்துவிடுவார். அதிகம் ஊற்றினால் நுரைத்து, ரப்பர் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, புகைந்து தொலைக்கும். போன வருஷம் அப்படிப் புகைந்தபோது, வண்டி ஏப்பம் விடுகிறது என்று சந்தோஷப்பட்ட மனிதர் அவர்.

கழிவு ஆயில் கதையைச் சொன்னால் இறங்க வேண்டிய இடமே வந்துவிடும். எங்கள் தெருவில் அதற்கு இல்லாத உபயோகம் கிடையாது. கரையானுக்குக் கதவில் அடிப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிச்சம்மா அத்தை சொறி பிடித்த நாய்க்குத் தடவிவிட்டாள். தடவாதீர்கள், தோல் வழியாகவும் உள்ளே போகும், நக்கினால் கேட்கவே வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். "நீ டாக்டருக்குப் படிச்சிட்டு நின்னவளா?" என்றாள். நாய் நக்கித்தான் தீர்த்தது. வாந்தியெடுத்து, நுரை தள்ளி, கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டது. ஆனால் எங்கள் ஆட்டோ சத்தம் கேட்டால் இன்றைக்கும் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

நான் கையில் பாலித்தீன் பை மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டுதான் ஆயில் பக்கமே போவேன். வடித்ததை மூடிவைத்து, வாங்கிக்கொள்கிற இடத்தில்தான் கொடுப்பேன். சாக்கடையில் ஊற்றினால் ஓடிப்போய் எங்கே நிற்கும்? நம் கிணற்றில்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும் அண்ணாச்சி. அதுதான் எனக்கு எரிச்சல். எல்லாம் தெரிந்த ஒருத்தி இருக்கிற வீட்டிலேயே போலி ஆயில் நுழைந்துவிட்டது பாருங்கள்.

காலிக் கேனா? அது நான் ஆரம்பித்த தொழில். அதற்கு முன்னால் அம்மா கேனில் நல்லெண்ணெய் ஊற்றிவைத்திருந்தாள். இட்லிப்பொடியில் ஊற்றினால் லாரி வாசம் வரும். நான் சண்டை போட்டு நிறுத்தினேன். அப்போதுதான் அந்தோணி அண்ணன் பழைய இரும்பு எடுக்கத் தெருவுக்கு வந்தார். எல்லோரும் கேனை எடைக்கு எடுப்பார்கள், அவர் ஒருத்தர்தான் எண்ணி எடுத்தார். ரொம்ப மரியாதையான மனிதர். "தங்கச்சி, கேன் நசுங்கக்கூடாது, லேபிள் கிழியக்கூடாது, மூடியோட இருந்தாத்தான் விலை" என்றார். மூடிக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும் பாருங்கள், திறந்தால் பட்பட்டென்று அறுந்துபோகுமே, அதுவும் உடையாமல் இருந்தால் இன்னும் அதிகம்.

அது லேசில் உடையாமல் வராது. நான் யோசித்தேன். வெந்நீரில் கேனின் கழுத்தை முக்கி, கொஞ்சம் இளகினதும் அப்படியே திருகி மேலே தூக்கினால் வளையம் முழுசாகக் கழன்று வந்துவிடும். மறுபடி வைத்து அமுக்கினால் புதுசு மாதிரியே உட்கார்ந்துகொள்ளும். யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது. அந்தோணி அண்ணன் பார்த்துவிட்டு, "தங்கச்சி, நீயெல்லாம் படிச்சிருந்தா எங்கயோ போயிருப்ப" என்றார். எங்கள் ஊரில் என் மூளையைப் பாராட்டின ஒரே ஆள் அவர்தான்.

என்ன கேட்டீர்கள்? லேபிள் எதற்கா? அதை நானும் கேட்டேன். உருக்கிப் பக்கெட் செய்கிற கம்பெனிக்குப் போகிறதாம். லேபிளோடு இருந்தால் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று அவர்களுக்குப் பிரிக்கச் சுலபமாம். மூடி உயர்ந்த ரகப் பிளாஸ்டிக்காம். வளையம் எதற்கு என்று கேட்கவில்லை. சுத்தமாக இருப்பது சிலருக்குப் பிடிக்கும் அண்ணாச்சி. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தால் எப்படித் தொழில் செய்வது?

கேன் தராதது ஜெயபாண்டி ஒருத்தர்தான். மற்ற மெக்கானிக்குகள் எல்லாம் மூலையில் போட்டு வைத்திருப்பார்கள், எடுத்துக்கொள்ளம்மா என்பார்கள். இவர் ஆயிலை ஊற்றின கையோடு கேனைத் தொடைமேல் வைத்து, நீட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, டப்பென்று ஒரு குத்து. திருப்பி இன்னொரு குத்து. அப்புறம் என் முன்னால் போடுவார். "இந்தா பிள்ள, எடுத்துக்கோ." குத்தின கேனை யார் எடுப்பார்கள்? வயிற்றெரிச்சல். ஒரு பெண்பிள்ளை சுயமாக நாலு காசு பார்க்கிறாளே என்கிற வயிற்றெரிச்சல். ஏன் குத்துகிறீர்கள் என்று கேட்டால், "என் கை சும்மா இருக்காது" என்பார். காரணம் சொல்வதற்கும் அவருக்குக் கூப்பன் கொடுக்கவேண்டும் போலிருக்கிறது.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். ஆயுத பூஜைக்கு அப்பா எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். ஆட்டோ, ஜாக்கி, ஸ்பேனர், தார்ப்பாய் கட்டுகிற கயிறு, அம்மாவின் கிரைண்டர், என் செல்போன். புதுசாக வாங்கிவைத்திருந்த ஆயில் கேனுக்கும் வைத்தார். கைப்பிடிக்கு உள்பக்கம் மஞ்சளில் ஒரு பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே மூன்று குங்குமப் பொட்டு. அப்பா கையெழுத்து எப்போதும் வலதுபக்கம் சாய்ந்து விழும், சுழியும் விழுந்துகிடந்தது. அந்த ஆயிலை ஊற்றி முடித்து அம்மா சோப்புப் போட்டு விளக்கியும் அந்தக் கறை முழுசாகப் போகவில்லை. தீபாவளிச் செலவுக்கு அதை அந்தோணி அண்ணனிடம் போட்டோம். கறையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் உள்பக்கம்தானே என்று எடுத்துக்கொண்டார்.

தை மாசம் ஆயில் மாற்றவேண்டும். அப்பா தேரடிப் பக்கம் ஸ்பேர்ஸ் கடையில் ஒரு கேன் வாங்கி வந்தார். வழக்கத்தைவிட விலை குறைவு, அதனால் இரட்டைச் சந்தோஷம். அம்மா அதை வாங்கி உள்ளே வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, இதுல நம்ம பொட்டு இருக்கு."

அப்பா வாங்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன். மங்கிப்போன மஞ்சள். வலதுபக்கம் விழுந்துகிடந்த சுழி. மூன்று பொட்டு.

"அப்பா, இது நம்ம கேன். இதுல புது ஆயில் எப்படி வரும்? திருப்பிக் கொடுங்க" என்றேன்.

அப்பா எங்கே கேட்டார்? அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போன பொருள் தானா வாசல் தேடி வந்திருக்கு. அதுவும் நெறஞ்சு வந்திருக்கு" என்றார். அம்மா உடனே கேனை சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து, பூ சுற்றி, சூடத்தைப் பொருத்திவிட்டாள். ஆயில் கேனுக்குப் பக்கத்தில் சூடம்! நான் பாய்ந்துபோய்த் தட்டை இழுத்தேன். சாமி காரியத்தில் கை வைக்கிறாள் என்று எனக்கு முதுகில் ஒன்று விழுந்தது. ஊற்றுகிறபோது அப்பா கோட்டைத் தாண்டியே ஊற்றினார். அதிர்ஷ்டத்தை அளந்து ஊற்றுவார்களா?

அன்றைக்கே சத்தம் மாறிவிட்டது அண்ணாச்சி. டிக், டிக், டிக் என்று உள்ளே யாரோ தட்டுகிற மாதிரி. டேஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்திருக்கவேண்டும். எரிந்துதான் இருக்கும். அதற்கு முன்னால் அப்பா பிள்ளையார் பொம்மையை ஒட்டி வைத்திருக்கிறார், பின்னால் என்ன எரிகிறது என்று எப்படித் தெரியும்? நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். "வாயி" என்றார். கொஞ்ச நாள் ஓடினது. அப்புறம் ஒருநாள் இதோ, இப்போது நாம் தாண்டினோமே அந்த ஓடைப் பாலம், அங்கே தலைக்குமேல் தீப்பெட்டி பண்டலோடு ஏறும்போது கிரீச்சென்று ஒரு அலறல். நின்றதுதான். வீலைத் தள்ளினாலும் நகரவில்லை. உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டது. ஜெயபாண்டி ஷெட்டில் கழற்றி வடித்தபோது கரி மாதிரி, மண்டி மாதிரி எதுவோ வந்தது. "இது ஆயிலே இல்ல, யாரோ வடிச்ச கழிவ வெளுத்து ஊத்தியிருக்கான்" என்றார்.

அப்பா ஷெட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. "பிள்ளைக்குன்னு வச்சிருந்தேன்" என்று மட்டும் சொன்னார். என் வாயைக்கூடச் சொல்லவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்துப்போயிற்று. எங்கள் வீட்டுக் கேன், எங்கள் வீட்டுப் பொட்டு, அதில் எவனோ கழிவை ஊற்றி எங்களுக்கே விற்றிருக்கிறான். அந்தோணி அண்ணனிடம் போட்டது உருகிப் பக்கெட்டாகியிருக்கும்; அப்பா இன்னொரு கேனுக்கும் பொட்டு வைத்திருப்பார், அதைத்தான் எவனோ தூக்கியிருக்கிறான். அப்படியென்றால் எங்கள் வீட்டுக்கு வந்து போகிற ஆள்தானே செய்திருக்கவேண்டும்? யார் வருகிறது? கழிவு ஆயில் யாரிடம் டிரம் டிரம்மாக இருக்கிறது? நான் நேராகப் போய்க் கேட்டுவிட்டேன், ஷெட்டில் எல்லோரும் இருக்கும்போதே.

"எங்க வீட்டுக்கு டீ குடிக்க வந்த அன்னைக்கு நீங்கதான கேனைத் தூக்கிட்டுப் போனீங்க?"

ஜெயபாண்டி ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஏ பிள்ள, உங்க வீட்டுக் கேனையெல்லாம் எங்க கொண்டுபோய் போடுற?"

"அது எங்க இஷ்டம்."

"அப்ப இதும் உங்க இஷ்டந்தான்" என்று கழற்றிப்போட்டிருந்த எஞ்சினைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. அப்புறம் ஒரு கேனை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே டப்பென்று குத்தினார். திமிர்! நான் அவரைத் திருடன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அவர் எங்கள் தெருப்பக்கமே வருவதில்லை. குற்றம் செய்த நெஞ்சு, வருமா?

இப்போது நான் ஏமாற மாட்டேன். வீட்டுக்கு வருகிற கேன், வெளியே சேர்க்கிற கேன் எல்லாவற்றுக்கும் அடியில் நடுவில் நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்துவிடுகிறேன். ரோஸ் கலர், மினுமினுப்புப் போட்டது. திருவிழாக் கடையில் வாங்கினது, வேறு யாரிடமும் இருக்காது. சோப்புக்குப் போகாது. இனிமேல் எவனாவது எங்கள் வீட்டிலிருந்து ஒரு கேனைத் திருடிக் கழிவை ஊற்றி விற்கட்டும். எந்தக் கடையில் நின்றாலும், எவன் கையில் இருந்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். கையும் களவுமாகப் பிடிப்பேன்.

இந்த மூட்டையிலும் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறேன். பார்க்கிறீர்களா? பாருங்கள், சும்மா ஒன்றை எடுத்துப் பாருங்கள். அழகாக இருக்கிறதில்லையா?

சரி, டோல்கேட் வரப்போகிறது. மூட்டையை வாங்கிக்கொள்ள அந்தோணி அண்ணன் அங்கேதான் நிற்பார். உங்கள் கேனைக் கொடுங்கள், சீக்கிரம் பார்த்துத் தருகிறேன். பயப்படாதீர்கள், திறக்க மாட்டேன்.

லேபிள் சுத்தம். கீறல் இல்லை. வளையம்... நன்றாக உட்கார்ந்திருக்கிறது, உடையவில்லை. தேதி பார்க்கவேண்டும். கேனில் நவம்பர் என்று அடித்திருக்கிறான். மூடியில் வேறு மாதம் அடித்திருக்கிறான். இது ஏன் இப்படி? எங்கள் வீட்டிலும் அம்மா மொத்தமாகக் கழுவி எடுக்கும்போது ஒன்றின் மூடி இன்னொன்றுக்குப் போய்விடும், அந்த மாதிரி. கம்பெனியிலும் கழுவுகிறவர்கள் கவனமில்லாமல்... இருங்கள். கம்பெனியில் எதற்குக் கழுவப்போகிறார்கள்?

அடிப்பக்கம் காட்டுங்கள். இந்தப் பக்கம், வெளிச்சத்துக்கு.

அண்ணாச்சி. இந்தக் கேனை எங்கே எடுத்தீர்கள்?

கோபப்படாதீர்கள், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். இது என் பொட்டு. ரோஸ். மினுமினுப்பு. எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தீர்கள்? உங்களைப் பார்த்தால் திருடுகிற ஆள் மாதிரி தெரியவில்லையே.

கடையில் வாங்கினதா? தேரடிக் கடையிலா? இன்றைக்குக் காலையிலா? பில்லைக் காட்டுங்கள். சரி, சரி, இருக்கிறது. அப்படியென்றால் கடைக்காரர்தான் திருடியிருக்கிறார். அவர் எப்படி வருவார்? முட்டி வலி, கடைப்படியைவிட்டே இறங்க மாட்டார். ஜெயபாண்டியும் தெருப்பக்கம் வருவதில்லை. வேறு யார்? எங்கள் வீட்டில் கேன் எதுவும் காணாமல் போகவே இல்லையே. போன தடவை எல்லாவற்றையும் நானே எண்ணிக் கட்டி, நானே இந்த பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து, என் கையால்தான்...

வளையம் உடையவில்லை.

வெந்நீரில்.

"தெரியுது கண்டக்டர்ண்ணே, டோல்கேட்தான். ஏன் கத்துறீங்க? ஆமா, அந்தோணி அண்ணன்தான் நிக்காரு. கையை ஆட்டுறாரு, பார்த்தேன். நான் இறங்கல. இறங்கலன்னா இறங்கலதான், விசில் அடிங்க. மூட்டைக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இன்னொரு லக்கேஜா? போடுங்க."

சிரிக்கிறார் பாருங்கள் அந்த ஆள், ஓடிவந்து ஜன்னலைத் தட்டுகிறார். தங்கச்சியாம்.

அண்ணாச்சி, இதை உங்கள் மகன் வண்டியில் ஊற்றிவிடாதீர்கள். பில் இருக்கிறது, கடைக்குத் திரும்பிப் போவோம், நானும் வருகிறேன், நான் பேசுகிறேன். அதற்கு முன்னால் இந்த மூட்டையை அவிழ்க்கவேண்டும். பேரிங்கா? அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஷெட்டுக்கு வேறு போகவேண்டும், ஒருத்தரிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதுதான் எனக்கு வராது.

உங்களிடம் ஸ்க்ரூடிரைவர் இருக்கிறதா? ஆணி? எதுவாக இருந்தாலும் சரி. நுனி கூராக இருந்தால் போதும்.